பெட்டி வண்டியில் உடைந்தவை

மோகனூர்
18.8.2024

அன்பு மகன் தனபாலுக்கு, அப்பா நாச்சிமுத்து சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையற்காரி சௌந்திரம் எழுதுவது. இங்கே என் காதைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே எல்லோரும் சுகமா? அஸ்தம்பட்டிப் பக்கம் மழை உண்டா?

நீ பஸ்ஸில் போட்டுவிட்ட பார்சல் வந்தது. கேரவன் அலமாரிக் கொக்கி உடைந்துவிட்டது, இதே மாதிரி நாமக்கல்லில் வாங்கி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். போனில் சொன்னால் எனக்குக் கேட்காது என்று எழுதினாய், சரிதான். கேட்டாலும் நம்பமாட்டேன். பேசுகிறவன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று போனில் தெரியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் லாரியை விற்றுவிட்டு, கட்டிலும் அடுப்பும் கழுவுதொட்டியும் வைத்த அந்தப் பெட்டி வண்டியைக் கட்டினாய். ஊர் சுற்றுகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறேன் என்றாய். பூசை போட்ட அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "இந்தப் பெட்டியில ஏறுறவங்க ஆரா இருந்தாலும் என் ஊட்டுப்படி ஏற வேண்டாம்." நீயும் உன் டிரைவர் சிவபிரகாஷும் பிழைப்புக்கு ஏறுகிறீர்கள். வேலைக்கு ஏறுகிறவர்களை நான் சேர்க்கவில்லை. மற்றபடி சொன்ன சொல் சொன்னதுதான். கொக்கி வாங்கித் தருவதால் மனம் மாறிவிட்டதாக நினைக்காதே.

கொக்கியோடு அப்புசாமி பட்டறைக்குப் போனேன். பெட்டிக்கு உள்வேலை எல்லாம் செய்தவன் அவன்தானே. "மட்டமான சாமான் போட்டு எம்பையன ஏமாத்திப்போட்டயா?" என்று கேட்டேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏனுங்க மாமா, இது ஓட்டத்துல ஒடையலீங்க. தொறந்து மூடித் தேஞ்சிருக்குது. டூர் போறவன் ஒருக்காத் தொறந்து பைய வெச்சாப் போச்சு. இது குடும்பம் பண்ற கையிங்க" என்றான். பழியை இறக்கிவைக்கப் பார்க்கிறான். இவன் அப்பன் என் முதல் லாரிக்குப் பச்சை மரத்தில் பலகை அடித்து, அது வேலூர் தாண்டுவதற்குள் வளைந்துகொண்டதை நான் மறக்கவில்லை. வேறு கடையில் நல்ல கொக்கியாக வாங்கியிருக்கிறேன்.

உன் அம்மா ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் இளம்பிள்ளைக்குப் போனவள்தான். தங்கை ராசாத்திக்கு வலது முழங்காலில் ஆபரேஷன், கூடமாட இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். நீதானே காரில் கூட்டிப்போனாய். எப்போது வருவாள்?

இன்னொன்று. புழக்கடையில் கிடந்த சின்ன அம்மியைக் காணோம். ஆடு ஓட்டிக்கொண்டு வருகிற ஆண்டி மேல்தான் எனக்குச் சந்தேகம். கேட்டால் முழிக்கிறான்.

உன் அப்பா,
நாச்சிமுத்து (கைநாட்டு)


அஸ்தம்பட்டி, சேலம்
27.8.2024

மதிப்புக்குரிய அப்பாவுக்கு, தனபால் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ராத்திரிக்கு மோரோடு நிறுத்திக்கொள்ளாமல் மிளகு ரசம் வைத்துக்கொள்ளுங்கள். கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா?

கொக்கி கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அதற்குள் இன்னொரு தொல்லை. வண்டிக்குள் சுவரோடு மடக்கி வைக்கிற மேசை இருக்கிறதல்லவா, அதன் கீல் அறுந்துவிட்டது. ஏற்காடு போன பார்ட்டியில் ஒருவர் நல்ல கனம். மேசையில் சாய்ந்துவிட்டார். அறுந்த கீலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சேலத்தில் கிடைப்பதெல்லாம் வீட்டு அலமாரிக்குப் போடுகிற லேசான சாமான்.

அம்மா இளம்பிள்ளையில் நன்றாக இருக்கிறார்கள். சித்தி நடக்க இன்னும் நாளாகுமாம்.

ஆண்டியை ஒன்றும் சொல்ல வேண்டாம் அப்பா. அம்மி எங்கே போய்விடப் போகிறது.

என்றும் உங்கள்,
தனபால்


மோகனூர்
3.9.2024

அன்பு மகனுக்கு அப்பா சொல்வது. ஒரு காது அடைத்திருந்தது, எண்ணெய் விட்டதில் கொஞ்சம் திறந்திருக்கிறது. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இருக்குமோ என்று கேட்கக் காரணம் உண்டு. பிறந்ததிலிருந்து உனக்கு நம் வீட்டுக் கருவேப்பிலைச் செடி எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாது. இப்போது அதற்குத் தண்ணீர் ஊற்றினேனா என்று கேட்கிறாய்.

கீலைப் பார்த்தேன். கனத்த ஆள் சாய்ந்தான் என்கிறாய். சாய்ந்தால் ஸ்குரூ மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். இதில் ஸ்குரூ ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. நடு ஆணிதான் தேய்ந்து அறுந்திருக்கிறது. கனமான ஒன்றை அதன் மேல் வைத்து முன்னும் பின்னும் தள்ளி இழுத்திருக்கிறார்கள். ஒரு நாள் இல்லை, பல நாள். அதோடு கீலின் சந்தில் மஞ்சள் அப்பியிருக்கிறது. மோந்து பார்த்தேன். மஞ்சளேதான்.

எனக்குப் புரிந்துவிட்டது. சிவபிரகாஷ் உனக்குத் தெரியாமல் ஈரோட்டுப் பக்கமிருந்து மஞ்சள் மூட்டை ஏற்றுகிறான். மேசை மேல் மூட்டையை வைத்து இழுத்திருக்கிறான். என்னிடம் செல்லான் என்று ஒரு கிளீனர் இருந்தான். நாக்பூர் லோடில் ஆரஞ்சுக் கூடைகளுக்கு நடுவே தன் சரக்கு ஒன்றை ஒளித்துக் கொண்டுவந்து திருச்செங்கோட்டில் இறக்குவான். முகத்தைப் பார்த்தால் திருநீறு பூசிய பிள்ளை. டயர் பதிகிற ஆழத்தை வைத்து நான் கண்டுபிடித்தேன். உன் டிரைவரும் திருநீறு பூசுகிறவன்தானே?

புதுக் கீல் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பையனைக் கேட்டுப் பதில் எழுது. மழுப்பாதே.

அம்மி இன்னும் வரவில்லை. ஆண்டி இப்போது வேறு வழியாக ஆடு ஓட்டுகிறான். குற்றமுள்ள நெஞ்சு.

உன் அப்பா (கைநாட்டு)


அஸ்தம்பட்டி
19.9.2024

மதிப்புக்குரிய அப்பாவுக்கு, காது திறந்தது கேட்டுச் சந்தோஷம். நாங்கள் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, தொடர்ந்து சவாரி.

சிவபிரகாஷிடம் கேட்டேன். பாவம், அவன் முகம் செத்துப்போய்விட்டது. "அண்ணா, நா மஞ்சள் கடத்துறனா? ஐயா அப்படியா சொன்னாரு?" என்று அன்றைக்குச் சோறே தின்னவில்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை அப்பா. வண்டியில் சமையலும் நடக்கிறது. வருகிறவர்கள் சமைக்கும்போது மஞ்சள்தூள் சிந்தியிருக்கும்.

இப்போது கழுவுதொட்டிக் குழாய் போய்விட்டது. திருகு தலை கையோடு வந்துவிட்டது. ஓசூரிலிருந்து ஒரு குடும்பம் கொல்லிமலைக்கு வந்திருந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் திருகி விளையாடினார்கள் போல. பழைய குழாயை அனுப்பியிருக்கிறேன். நல்ல பித்தளைக் குழாயாக இருந்தால் தேவலை.

அம்மா சுகம். உங்களை ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார்கள். வாழைத்தோப்புக்குப் போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

என்றும் உங்கள்,
தனபால்


மோகனூர்
25.9.2024

அன்பு மகனுக்கு அப்பா சொல்வது. ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. எனக்கு உடம்பு பரவாயில்லை. உங்கள் சுகத்தை எழுது, நிஜமான சுகத்தை எழுது.

குழாயைப் பிரித்துப் பார்த்தேன். பிள்ளைகள் விளையாடினால் திறந்து மூடித் திறந்து மூடி மரை லூசாகும். இதில் மரை லூசாகவில்லை. உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் கத்தி போட்டு அறுத்ததுபோல் அறுந்திருக்கிறது. மூடிய பிறகும் விடாமல் இறுக்கி, இறுக்கி, இதற்கு மேல் திரும்பாது என்று குழாய் கத்தும்வரை இறுக்குகிற கை.

நம் புழக்கடைக் குழாயும் இப்படித்தான் போகும். நான் டெல்லி லோடு முடித்து வரும்போதெல்லாம் ஒரு குழாய் மாற்றுவேன். கல்யாணம் ஆகி வந்த புதிதில் உன் அம்மா காவிரியிலிருந்து குடம் தூக்கி வந்தவள். வீட்டுக்குள் குழாய் வந்த பிறகு, ஒரு சொட்டு ஒழுகினால் அவளுக்குத் தூக்கம் வராது. எழுந்துபோய் இன்னொரு திருகு திருகுவாள். "பாதித் திருப்புப் போதும்" என்று நான் சொல்லாத நாள் இல்லை.

அந்தக் கை இப்போது இளம்பிள்ளையில் இருக்கிறது. அதனால் இது வேறு கை. அப்படித்தானே?

ராசாத்திக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு. வேறொன்றும் இல்லை.

உன் அப்பா (கைநாட்டு)

தனபால் அண்ணா, இது சௌந்திரம். பெரியப்பா படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் அவருக்குத் தெரியாமல் கீழே சேர்க்கிறேன். அம்மியைச் சாக்கில் சுற்றிக் காரில் ஏற்றினீர்களே, தையல் மெஷினில் உட்கார்ந்தபடி நான் பார்த்தேன். ஆண்டி தினமும் திட்டு வாங்குகிறான். பெரியம்மா எங்கே இருக்கிறார்களோ, சீக்கிரம் ஒரு முடிவு பண்ணுங்கள். குழாய்க் கதையைச் சொல்லி முடித்துவிட்டுப் பெரியப்பா எழுந்துபோய்ப் புழக்கடைக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார்.


இளம்பிள்ளை
14.10.2024

மாமாவுக்கு ராசாத்தியின் வணக்கங்கள். நீங்கள் கேட்டு எழுதியதற்கு ரொம்ப சந்தோஷம். எனக்கு இடது முழங்கால் ஆபரேஷன் ஆகி இப்போது வலி குறைந்திருக்கிறது. அக்காதான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு அடி எடுத்துவைக்கவும் அக்காவின் தோள் வேண்டியிருக்கிறது. அவளே உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள், இப்போதுதான் படுத்துத் தூங்குகிறாள். எழுப்ப மனசில்லை.

நம் வீட்டில் தறிவேலை ஜோர். தீபாவளிக்கு உங்களுக்கு ஒரு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் அலைய வேண்டாம் மாமா, பஸ் கூட்டத்தில் இந்த வயதில் வேண்டாம். நானே கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் மச்சினி,
ராசாத்தி


மோகனூர்
28.10.2024

அன்பு மகனுக்கு அப்பா சொல்வது. நான் சுகம். பஸ்ஸில் உட்கார்ந்து இடுப்பு மட்டும் பிடித்திருக்கிறது. உங்களுக்கெல்லாம் தீபாவளி நல்லபடியாக அமையட்டும்.

எந்த பஸ் என்று கேட்பாய். இளம்பிள்ளை பஸ். உன் அம்மா என்னிடம் சொன்னது வலது முழங்கால். ராசாத்தி எழுதியது இடது முழங்கால். அதோடு, அலைய வேண்டாம், வர வேண்டாம் என்று வருந்தி வருந்தி எழுதியிருந்தாள். வரவேண்டாம் என்கிற இடத்துக்கு அன்றைக்கே போய்விட வேண்டும். போனேன்.

நான் போய் நிற்கும்போது ராசாத்தி மொட்டை மாடியிலிருந்து ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தாள். நூல் காயப்போட்டுவிட்டு, இடுப்பில் கூடையோடு. என்னைப் பார்த்ததும் கடைசிப் படியில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். எந்த முழங்கால் என்று ஒரு நிமிஷம் அவளுக்கே யோசனை.

"வாங்க மாமா! அக்கா இப்பத்தான் கோயலுக்குப் போனா."

"எந்தக் கோயலு?"

"மாரியம்மன் கோயலுங்க."

"சரி, இருக்கறேன்."

"அங்கிருந்து வேற எங்கியாச்சும் போனாலும் போவாளுங்க மாமா."

"எங்க?"

"காப்பி குடிக்கறீங்களா?"

காப்பி குடித்தேன். கோயில் நடை சாத்துகிற நேரமும் தாண்டியது. இன்னொரு காப்பி வந்தது. அக்காளின் தோள் இல்லாமல் ஒரு அடி வைக்க முடியாத தங்கை உள்ளுக்கும் வாசலுக்கும் ஓடுகிறாள். கொடியில் ஒரு சேலைகூட உன் அம்மாவுடையது இல்லை. பொழுது சாய்ந்ததும், "வாரேன்" என்று சொல்லி எழுந்துவிட்டேன். வேட்டியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

உனக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான். ராசாத்தி நன்றாக நடக்கிறாள்.

அடுத்து அந்தப் பெட்டியில் என்ன உடைகிறதோ அதை எனக்கு அனுப்பு. துடைக்காதே, கழுவாதே. உடைந்தபடியே அனுப்பு.

உன் அப்பா (கைநாட்டு)


அஸ்தம்பட்டி
2.12.2024

மதிப்புக்குரிய அப்பாவுக்கு, தனபால் எழுதுவது. உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். எழுத உட்காருவேன், என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன்.

துணி மாட்டுகிற கம்பி வளைந்துவிட்டது. அதைப் பிடித்திருந்த இரண்டு தாங்கியில் ஒன்று உடைந்தது. நீங்கள் கேட்டபடி துடைக்கவில்லை, கழுவவில்லை. யார் எதைப் போட்டு வளைந்தது என்று நான் எழுதவில்லை. எழுதினாலும் நம்பப்போவதில்லை நீங்கள்.

ராத்திரியில் ரசம் வைத்துச் சாப்பிடுங்கள். இதை நான் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

என்றும் உங்கள்,
தனபால்


மோகனூர்
8.12.2024

அன்பு மகனுக்கு அப்பா சொல்வது. இடுப்பு தேறிவிட்டது. கார்த்திகை மழையில் வாழை நாலைந்து சாய்ந்ததைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை. அங்கே உன் வீட்டிலும், வண்டியிலும் எல்லோரும் சுகமா?

கம்பி சரியாக நடுவில் வளைந்திருக்கிறது. பேன்ட் சட்டை போடுகிறவன் கம்பி நெடுக மாட்டுவான். ஈரச் சேலையைப் பிழியாமல் நாலாக மடித்து நடுவில் ஒரே மொத்தையாகப் போட்டால்தான் இப்படி வளையும். பிழிந்தால் சேலை நைந்துபோகும் என்பது ஒருத்தியின் கட்சி. நம் வீட்டுக் கொடிக்கயிறு நடுவில் தொங்கித் தரையைத் தொடுவது அதனால்தான்.

யார் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம். அந்தப் பெட்டியில் சமைக்கிற ஆளிடம் சில விஷயங்களை மட்டும் சொல்லிவிடு.

மேசைக்கு நான் செப்டம்பரில் அனுப்பிய கீலைக் கழற்றிப் போடு. இது வேறு. லாரியின் பின்கதவுக்குப் போடுகிற கீல். அப்புசாமியை உட்காரவைத்து மேசை அளவுக்கு அறுத்து, அரத்தால் ராவி எடுத்திருக்கிறேன். "இதெதுக்குங்க மாமா, மேச மேல யானை ஏறப்போவுதா?" என்றான். அம்மி ஏறப்போகிறது என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு ராவினான். தரையில் வைத்து அரைக்கச் சொல்லலாம். சொல்லமாட்டேன். அந்த ஆளுக்குக் குனிந்தால் எழ முடியாது.

கம்பிக்கு இரும்புக் குழாய் அனுப்புகிறேன். குழாய் விஷயத்தில் மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பாதித் திருப்புப் போதும் என்று சொல். கேட்காது. வாஷர் ஒரு பொட்டலம் நிறைய வைத்திருக்கிறேன்.

ராமேசுவரம் போகிற சவாரி உண்டா உனக்கு? ஒருமுறை உன் அம்மா கேட்டாள், நீ கைக்குழந்தை. தூத்துக்குடி உப்பு லோடுக்குக் கிளம்பினேன். "நானும் வாரனுங்க, அப்பிடியே கடலப் பாத்துட்டு வந்தர்லாம்" என்றாள். லோடு வண்டியில் பொம்பளை ஏறினால் செக்போஸ்ட் செக்போஸ்டாக நிறுத்துவான் என்றேன். நிறுத்துவான்தான். இன்றைக்கும் நிறுத்துவான். அதில் தப்பில்லை.

ஆண்டியைக் கூப்பிட்டு ஒரு தார் பூவன் வாழை கொடுத்தேன். எதற்கு என்று பயந்துகொண்டே வாங்கிப் போனான்.

உன் அப்பா (கைநாட்டு)


கேம்ப்: ஏற்காடு
2.1.2025

அப்பா, இது அம்மா சொல்ல நான் எழுதுவது. இலக்கணமாக எழுதப் போனால், "நா சொன்னதாட்டமே எழுது, திருத்துனீன்னா உங்கொப்பன் கண்டுபுடிச்சிருவாரு" என்கிறார்கள். அதனால் அப்படியே எழுதுகிறேன். - தனபால்

ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? காதுக்கு எண்ண உட்டீங்களா? நா நல்லா இருக்கறனுங்க. இங்க குளுரு மட்டும் தாங்க முடியல.

கீலு வந்துதுங்க. அம்மி இப்ப அசையறதே இல்ல. சிவபிரகாஷு, "ஐயா எனக்கு மஞ்சக் கடத்துற பட்டம் குடுத்தாரே, அந்த மஞ்ச இதுதானுங்களா"ன்னு கேட்டுட்டுச் சிரிக்கறான். அந்தப் பையன ஒண்ணும் சொல்லாதீங்க.

நா மொதல்ல இளம்பிள்ளைக்குத்தானுங்க கெளம்புனேன். தனபாலு வழியில சொன்னான், சமையக்காரன் நின்னுட்டான், நாளைக்கு ஒரு சவாரிக்கு மட்டும் வாம்மான்னு. அதுக்குத்தான் அம்மியும் கொண்டாந்திருக்கறான்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. திருட்டுப் பையன். ராசாத்தி முழங்காலு, தங்கச்சி ஊட்டுல நாலு நாளு இருக்கோணும்னு நானாச் சொன்னதுங்க, அவளுக்கு ஒண்ணுமில்ல. ஒரு சவாரிதான்னு ஏறுனேன். ஏறுனதுக்கப்பறம் எறங்க மனசு வல்லீங்க.

போன மாசம் ராமேசுவரம் போனமுங்க. கடலப் பாத்தேன். நீங்க தூத்துக்குடி போயிட்டு வந்து என்ன சொன்னீங்க? "அதுல என்ன இருக்குது, பெரிய ஏரியாட்டம் இருக்கும், அவ்வளவுதான்"னு சொன்னீங்க. அது ஏரியாட்டம் இல்லீங்க. ஏரிக்கு அந்தாண்ட கரை இருக்குது.

உங்ககிட்டக் கேட்டுட்டு ஏறிருக்கலாம். கேட்டா உட்டிருப்பீங்களா? பூசையன்னிக்கு எல்லாத்து முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்க. அது இப்ப நம்ம ஊட்டுப் படியில உக்காந்திருக்குது. பொங்க வருது. சாணி போட்டு வாசல் மொழுகோணும், காப்புக் கட்டோணும். நா எப்பிடிங்க அந்தப் படி ஏறுவேன்?

அப்பறம், வண்டிக் கதவுக் கொண்டி கழண்டு போச்சுங்க. ஓட்டத்துல தானாக் கழண்டுது. இங்க ஆருக்கும் மாட்டத் தெரியல. கொண்டிய அனுப்பியிருக்கறேன், பாருங்க.

வள்ளியாத்தாள்


மோகனூர்
7.1.2025

வள்ளியாத்தாளுக்கு, நாச்சிமுத்து சொல்ல சௌந்திரம் எழுதுவது. சௌந்திரம் உன் கடிதத்தைக் காதில் கத்திப் படித்தாள், தெருவே கேட்டது. கேட்டவர்கள் எல்லோரும் உன்னைச் சுகம் விசாரித்தார்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள். மலைக்காற்று காதில் புகுந்தால் என்னை மாதிரி ஆகிவிடும். அப்புறம் வீட்டில் இரண்டு பேருக்கும் கேட்காது.

கொண்டி வந்து சேர்ந்தது. பார்த்தேன்.

ஓட்டத்தில் தானாகக் கழன்ற கொண்டி என்றால் ஒரு ஸ்குரூவாவது ரோட்டோடு போயிருக்கும். நீ எல்லாவற்றையும் ஒன்று குறையாமல் மஞ்சள் துணியில் முடிந்து அனுப்பியிருக்கிறாய். ஆடி ஆடிக் கழன்றால் மரை தேய்ந்திருக்கும். தேயவில்லை. ஸ்குரூத் தலையில் திருப்புளி வழுக்கிய கீறல் புதுசாக மின்னுகிறது. எங்கெங்கே வழுக்கியிருக்கிறது என்று பார்த்தால், திருப்புளி பிடித்துப் பழகாத கை. இறுக்க மட்டுமே தெரிந்த கை ஒன்று, முதல்முறையாகத் தளர்த்திப் பார்த்திருக்கிறது.

யார் கழற்றியது என்று நான் கேட்கவில்லை.

படி விஷயம். நான் பூசையன்றைக்குச் சொன்னது சவாரிக்கு ஏறுகிறவர்களை. வேலைக்கு ஏறுகிறவர்களை நான் சேர்க்கவில்லை என்று ஆவணியிலேயே தனபாலுக்கு எழுதியிருக்கிறேன், அவனிடம் எடுத்துப் படிக்கச் சொல். சமைக்கிறவள் வேலைக்குத்தானே ஏறினாள்? கடலைப் பார்த்தது வேலை நேரத்தில் கண்ணில் பட்டது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே படியில் ஒன்றும் உட்கார்ந்திருக்கவில்லை. நேற்று நானே கழுவிவிட்டேன்.

கொண்டி மாட்ட வருகிறவனும் வேலைக்கு ஏறுகிறவன்தான். நாளை மறுநாள் காலை பஸ்ஸில் வருகிறேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும். மாட்டியதும் நின்ற இடத்தில் திறந்து மூடிப் பார்த்தால் போதாது, ஓட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு நீளமான ரோடு வேண்டும். பொங்கலை வீட்டில் வைத்து முடித்ததும், ராமேசுவரம்வரை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியே கரை இருக்கிறதா இல்லையா என்பதையும் பார்த்துவிடுகிறேன். நீ சொல்வதை அப்படியே நம்புகிறவன் நான் இல்லை.

இந்தச் சௌந்திரம் குழாய்க் கடிதத்துக்குக் கீழே தானாக நாலு வரி சேர்த்தாள் என்று எனக்குத் தெரியும். நான் பேச்சை நிறுத்திய பிறகும் கை நகர்ந்துகொண்டிருந்தது. போகட்டும். இன்றைக்கு மட்டும் ஒன்றும் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

திருப்புளியை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். அதுவரைக்கும் கதவைக் கயிறு போட்டுக் கட்டிவை. தனபால் மாட்டுகிறேன் என்று வந்தால் விடாதே.

நாச்சிமுத்து (கைநாட்டு)